பூர்வீக வீடும் மெயின்டனன்ஸும்

(நம் சங்கத்தின் சுதந்திர தின விழாவில் பேசியது)



நம் குடியிருப்பில் சிலர் பூஜை அறையில் ஆத்தங்குடி கல் பதித்திருக்கிறீர்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, சூளையில் சுடாமல் கையாலேயே செய்வது அது. அந்தத் தொழில் இன்னும் நடக்கிறதென்றால், செட்டிநாட்டில் பழைய வீடுகள் கொஞ்சமாவது நிற்பதும் ஒரு காரணம்.

காரைக்குடிக் கிளையில் சில வருடம் வேலை பார்த்தேன். பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று பெரிய பெரிய வீடுகள். பல வீடுகள் பூட்டியே கிடக்கும். பணம் இல்லாமல் மட்டும் அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. நாலு தலைமுறையில் பங்காளிகள் பெருகி, ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? தண்ணீர் இறங்கி உத்தரம் உளுத்தபின் "விற்றுவிடலாம்" என்பார்கள். தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும்.

மரத்தை விற்றால் ஒரு தடவைதான் காசு. 1999இல் காரைக்குடியில் பழைய கிளப் கட்டடம் ஒன்று 'தி பங்களா' என்ற விடுதியானது. பின்னர் கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். சமையல், சலவை, தச்சு வேலை என்று ஊராருக்குச் சம்பளம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கிடைத்தால்தானே மகனுக்கும் சொல்லித் தருவார்?

எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று வருடத்தில் நாலு நாள் திறந்தாலே பந்தல்காரர், பூக்காரர், மேளக்காரர் எல்லோருக்கும் வேலை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. சந்தோஷம்தான். ஆனால் யுனெஸ்கோ வந்து ஓடு மாற்றாது.

உங்களில் பலருக்குக் கும்பகோணம், திருநெல்வேலிப் பக்கம் பூர்வீக வீட்டில் பங்கு இருக்கும். இங்கே மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே, அதே மாதிரி பங்காளிகள் பெயரில் ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். உள்ளூரில் இருக்கும் ஒருவருக்குப் பராமரிப்புக்கு மட்டும் பவர் கொடுங்கள். விற்கும் அதிகாரம் சேர்க்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கணக்கு தொடங்குவதில் சந்தேகம் இருந்தால், சாயங்காலம் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன்.