வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு



அரியலூர், பெரம்பலூர் மண் சுண்ணாம்புக்கல் விளைந்த மண். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்குக் கடல் அலைவீசிற்று என்பதற்குக் காரையில் கிடைக்கும் கடலுயிரிகளின் கல்லுருக்களே சான்று. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே இவ்வட்டாரத்தில் சிமெண்ட்டு எனப்படும் பைஞ்சுதை ஆலைகள் எழுந்தன. 1953-இல் பெயர்மாற்றப் போராட்டம் கண்ட கல்லக்குடியும் இதே கல்வளத்தின் அண்டையில் உள்ள ஊரே.

சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்துப் புகைந்து பொரிந்து நீறாவதை இம்மண்ணின் மக்கள் அறிவர். ஒரு கிலோ சுண்ணாம்பு முற்றும் நீறும்போது ஏறத்தாழ 277 கிலோ கலோரி வெப்பம் பிறக்கிறது. நான்கு கிலோ நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த இவ்வெப்பம் போதும். அடுப்பில்லை, விறகில்லை, நீர் பட்டதும் உள்ளுறைந்த ஆற்றல் வெளிப்படுகிறது.

பள்ளி ஆய்வகத்தில் கந்தகக் காடியை நீரில் கலக்கும்போதும் இத்தகைய நிகழ்ச்சியே நடைபெறுகிறது. 98 கிராம் தூய காடியை 900 கிராம் நீரில் கலந்தால் ஏறத்தாழ 17,500 கலோரி வெப்பம் வெளிப்படும். கலவையின் வெப்பநிலை ஏறத்தாழ 19 பாகை உயரும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. நீரும் காடியும் முன்னரே சூடாக இருப்பின், வெளிப்படும் வெப்பமும் மிகுந்துவிடுமா? 'ஆம், மிக மிகும்' என்று விடையிறுப்பார் பலர். கலவை கூடுதலாகச் சுடுவதைக் கண்டு சொல்லும் விடை அது. ஆனால் அளந்து பார்த்தால் உண்மை வேறு. 20 பாகையில் தொடங்கினால் கலவை ஏறத்தாழ 39 பாகையை எட்டும். 40 பாகையில் தொடங்கினால் 60 பாகையை நெருங்கும். ஏற்றம் ஏறத்தாழ ஒன்றே. எட்டும் உயரமே வேறு. ஒரே ஏணியைத் தரையில் நிறுத்துவதற்கும் திண்ணைமேல் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஏணியின் நீளமும் சிறிதே மாறும் என்பது மெய். தனித்தனி நீரும் காடியும் ஒரு பாகை உயர வேண்டும் வெப்பத்தைவிட, கலந்த கலவை ஒரு பாகை உயர வேண்டும் வெப்பம் சற்றுக் குறைவு. ஆகவே சூடான நிலையில் கலக்கும்போது அவ்வேறுபாட்டளவு வெப்பம் கூடுதலாக வெளிப்படுகிறது. இம்முறைமையைச் செருமானிய அறிஞர் கிர்க்காப்பு 1858-இல் வகுத்துரைத்தார். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 20 பாகை வேறுபாட்டிற்கு அக்கூடுதல் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே.

அப்படியானால் தொடக்க வெப்பநிலையைப் பொருட்படுத்த வேண்டாமா? வேண்டும், பெரிதும் வேண்டும். காடியும் நீரும் சம எடையில் கலந்தால் கலவை 100 பாகைக்கும் மேல் சூடேறும். அந்நிலையில் 20 பாகை முன்னேற்றம் என்பது, அடங்கி நிற்பதற்கும் கொதித்துத் தெறிப்பதற்கும் இடையிலுள்ள எல்லையையே அழித்துவிடும். முதுவேனில் நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரைக் காடி கலக்கப் பயன்படுத்துவது அறியாமை. மண்பானைக் குளிர்நீரே ஏற்றது; கலக்கும் குடுவையும் குளிர்நீரில் அமர்ந்திருத்தல் வேண்டும். நீரிலேதான் காடியைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். காடியிலே நீரை விடலாகாது. காடியினும் எடை குறைந்த நீர் மேலே மிதந்து, தொடுமிடத்திலேயே கொதித்து, முகத்தில் காடியை வாரியிறைக்கும். இழந்த கண்ணை எந்த மதிப்பெண்ணும் மீட்டுத் தாராது.

இவ்வளவும் விளங்குவதற்குத் துணைநிற்பவை இரண்டு சொற்கள்: வெப்பம், வெப்பநிலை. முன்னது அளவு, பின்னது நிலை. சொல்லைப் பிரித்த அளவில் பொருள் விளங்குகிறது. காய்ச்சலுக்கும் 'டெம்பரேச்சர்', கோடைக்கும் 'டெம்பரேச்சர்' என்று பேசிப் பழகிய நாவிற்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்? அயற்சொல்லை உருப்போட்ட பிள்ளை தேர்வில் எழுதிவிடும். குடுவையின் முன் நிற்கையில் கலங்கும். 'ஆசிட்டு' என்றால் அச்சம் மட்டுமே தோன்றும். காடி என்றாலோ புளித்த கஞ்சிநீர் நினைவிற்கு வரும். புளிப்பே அப்பொருளின் பண்பென்பதும் உடன் விளங்கும்.

தமிழில் அறிவியல் இயலாது என்பார் வரலாறு அறியாதவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீனின் வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. 'கெமிஸ்தம்' என்னும் அதன் பெயர் இரவற்பெயரே. ஆயினும் முயற்சி தமிழ் முயற்சி. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. வழி அன்றே வெட்டப்பட்டது. நடக்கத்தான் கால்கள் தயங்குகின்றன.

ஆசிரியப் பெருமக்களே! ஆய்வகச் சுவரில் நல்ல தமிழில் எழுதிவையுங்கள்: 'நீரிலே காடி, காடியிலே நீர் அன்று. கலக்குமுன் வெப்பநிலையைப் பார்.' பெற்றோரே! பிள்ளை எந்த மொழியில் ஒப்பிக்கிறது என்று பாராதீர். எந்த மொழியில் விளங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். தாய்மொழியில் தெளிந்த அறிவே கையைக் காக்கும், கண்ணைக் காக்கும், இனத்தையும் காக்கும்.

வெல்க தமிழ்!