ஸ்போர் உறையில் உள்ளது எந்தப் புரதம்?
(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று வகுப்பில் சொல்கிறோம். குடிநீருக்கு அது நல்ல பழக்கம். ஆனால் அறுவைக் கருவிகளுக்கு அது போதாது. பேசில்லஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் உணவு குறைந்தால் ஸ்போர்களாக மாறும். பேசில்லஸ் சப்டிலிஸின் ஸ்போர்கள் கொதிநீரிலும் பிழைப்பதை ஃபெர்டினான்ட் கோன் 1876-இல் எடுத்துக்காட்டினார். ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுப்பது இதற்காகத்தான்.

இந்த ஸ்போரைச் சுற்றி அடுக்கடுக்கான உறை இருக்கிறது. அதில் ஏறத்தாழ 70 வகைப் புரதங்கள் உள்ளன. அவற்றை எப்படிக் கண்டறிந்தார்கள்? வகுப்பறைக்குப் பயன்படுவது அந்த வழிமுறைதான்.

முதலில் ஸ்போர்களைத் தாய்ச்செல்லின் மிச்சம் இல்லாமல் கழுவித் தூய்மையாக்குவார்கள். பிறகு சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருளையும், கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் மற்றொன்றையும் சேர்த்துச் சூடாக்குவார்கள். புரதங்கள் கரைந்து வரும். ஆனால் ஏறத்தாழ 30 விழுக்காடு, குறுக்குப் பிணைப்புகளால் இறுகி உறையிலேயே தங்கிவிடும். கரைந்தவற்றை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதங்கள் முந்தும், பெரியவை பின்தங்கும். பட்டைகளை வெட்டியெடுத்து, டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, நிறை நிறமாலைமானியில் துண்டுகளின் நிறையை அளப்பார்கள். 1997-இல் வெளியான இந்தப் பாக்டீரியாவின் ஜீனோமோடு ஒப்பிட்டால் எந்த மரபணு தந்த புரதம் என்று தெரிந்துவிடும்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் போதுமா? தாய்ச்செல்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த புரதமாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே அதனோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து, ஸ்போரைச் சுற்றி வளையமாக ஒளிர்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அடுத்து அந்த மரபணுவையே நீக்கிப் பார்ப்பார்கள். காட்-ஏ இல்லையென்றால் ஸ்போருக்குரிய பழுப்பு நிறம் வருவதில்லை. காட்-ஈ இல்லையென்றால் வெளியுறை அமைவதில்லை. லைசோசைம் நொதி ஸ்போரை எளிதில் தாக்குகிறது.

வியப்பு என்னவென்றால், காட்-ஈ இல்லாத ஸ்போரும் வெப்பத்தைத் தாங்குகிறது! வெப்பத்தைத் தாங்க முதன்மையாக உதவுவது, நீர் குறைந்து கால்சியம் டைபிகோலினேட் நிறைந்த உட்பகுதி. உறையின் வேலை நொதிகளையும் பல வேதிப்பொருள்களையும் தடுப்பது. கெட்டியான உறைதான் வெப்பத்தைத் தடுக்கிறது என்ற எளிய ஊகம் இங்கே உடைந்துபோகிறது.

நம் பள்ளியில் நிறை நிறமாலைமானி இல்லை. வடிதாளும் பேனா மையும் இருக்கின்றன. கலவை பிரிவதைக் காட்ட அவை போதும். கூடவே மூன்று கேள்விகளைப் பழக்குவோம்: இருக்கிறதா? எங்கே இருக்கிறது? எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எந்தப் பாடத்திலும் இப்படிக் கேட்கத் தெரிந்த மாணவர் மனப்பாடத்தைத் தாண்டிவிட்டார் என்பேன்.