கண்டியில் ஒரு வீடு



ஓர் ஏடு செல்லரித்துப் போனாலும் அதன் படி எங்கேனும் ஒரு பரணில் கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடுதான் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். கட்டடத்திற்கு அந்த வாய்ப்பில்லை. அதற்குப் படி கிடையாது. எனவே கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றிய கண்காட்சியில் வைக்கப்படுவன அவருடைய படைப்புகள் அல்ல. வரைபடம், நிழற்படம், கடிதம், மாதிரியுரு ஆகிய நிழல்களே. விடுதலைக்குப் பிந்தைய தெற்காசியக் கட்டடக் கலையைப் பற்றி 2022இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் நடத்திய கண்காட்சியில் இலங்கையின் மினெட் டி சில்வாவும் இடம்பெற்றார். அவர் 1918இல் பிறந்ததும், தொழில் நடத்தியதும், 1998இல் மறைந்ததும் கண்டியில். அவ்வூரின் வரலாற்றைச் சொல்லும் அரங்கு எதுவாயினும் அதில் முதல் வரிசையில் நிற்க வேண்டிய பெயர் அது.

தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாயார் ஆக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1931இல் இலங்கைப் பெண்கள் அதனைப் பெற்றனர். மகள் பம்பாயில் கட்டடக் கலை பயின்றபோது, காந்தியடிகளை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் சேர்ந்தமைக்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் இலண்டனில் பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. லெ கொர்புசியேயின் நட்பும் கடிதங்களும் அவருக்குக் கிட்டின. அவரைப் பற்றி எழுதுவோர் பலர் அந்நட்பிலேயே நின்றுவிடுவது வருத்தத்திற்குரியது.

நோக்கத்தக்கது அவருடைய முதல் வீடு. கண்டி மலைச்சரிவில் 1949 முதல் 1951 வரை கட்டப்பெற்ற கருணாரத்ன இல்லம் சரிவைச் சமன்செய்யாமல், அதன் போக்கிலேயே படிப்படியாக இறங்குவது. கற்காரையும் கண்ணாடியும் அதில் உண்டு; தும்பறைப் பாய் நெசவும், உள்ளூர்க் கைவினைஞர் சுட்ட மண் ஓடுகளும் உண்டு. ஒரு சுவரில் ஓவியர் ஜார்ஜ் கீற் தீட்டினார். நெசவாளரையும் குயவரையும் அவர் அலங்காரத்திற்காக அழைக்கவில்லை. கட்டடத்தின் உடலிலேயே அவர்களுக்குப் பங்கு தந்தார். பழஞ்சொல்லைப் புதுக்கவிதையில் ஒட்டவைப்பதற்கும், அச்சொல்லாலேயே கவிதையைக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த இவ்வவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்தது வட்டபுளுவ. அரசு ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள். குடிவரவிருந்தோரிடம் வினாநிரல் கொடுத்து, அவர்கள் எவ்வாறு சமைக்கிறார்கள், எங்கே வழிபடுகிறார்கள், எவ்வளவு செலவிட இயலும் என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே வீட்டு வகைகளை வகுத்தார். பல இனத்தவரும் சமயத்தவரும் அங்கே அண்டை வீட்டாராயினர். தனிச் சிங்களச் சட்டம் 1956இல் வந்தது. இனக்கலவரம் 1958இல் மூண்டது. அந்த ஆண்டுகளில்தான் இக்குடியிருப்பு எழுந்தது என்பதை, தமிழ் கூறும் அவை ஒன்று எளிதில் கடந்துவிட இயலாது.

தம் முறைக்கு அவரே பெயரும் இட்டார். ‘நவீன வட்டாரக் கட்டடக் கலை’ என்று 1950களின் தொடக்கத்திலேயே ‘மார்க்’ இதழில் எழுதினார். அக்கருத்தை ஒட்டிய கட்டுரையைக் கென்னத் பிராம்டன் 1983இல் எழுதியபோது உலகக் கல்லூரிகள் அதனைப் பாடமாக்கின. இலங்கைக் கட்டடக் கலை என்றதும் நினைவுக்கு வருபவர் ஜெஃப்ரி பாவா. அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல். காலவரிசையைச் சொல்வது எவரையும் குறைப்பதாகாது.

மினெட் வாழ்ந்து பணியாற்றிய தந்தையாரின் இல்லம் அவர் மறைவுக்குப் பின் கேட்பாரற்றுச் சிதைந்தது. எஞ்சிய வலுவான சான்று அவருடைய தன்வரலாறு. வரைபடங்கள், கடிதங்கள், குடும்பப் படங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றைத் தாமே அடுக்கித் தமக்கொரு கண்காட்சியைத் தாளில் அமைத்துக்கொண்டார் எனலாம். அவர் மறைந்த 1998ஆம் ஆண்டிலேயே அந்நூல் வெளிவந்தது. அது முதல் தொகுதி. இரண்டாம் தொகுதி வரவில்லை.