தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் கவனத்துக்கு



பசுவந்தனை, கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்துவரப் பெற்றவர்கள் விமானம் ஏறுவது இன்று சாதாரணம். அப்படித் தென்னாப்பிரிக்கா போகிறவர்களுக்கு என்னென்ன தேவை என்று இன்று சொல்கிறேன்.

அந்த நாடு தமிழருக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்கள் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று வரவழைத்த அதே நேட்டால் அரசு, 1897இல், ஐரோப்பிய மொழி ஒன்றில் மனு எழுதத் தெரியாதவர் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டது. நம்மைத் தடுக்கவே போட்ட சட்டம் அது. இன்றைய நிபந்தனைகள் அப்படியல்ல. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் யாரும் நிறைவேற்றலாம்.

பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பயணம் முடிந்து குறைந்தது 30 நாளுக்கு அது செல்லுபடியாக வேண்டும். விசாவைப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கூட வந்தால், தாய் தகப்பன் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான். இது மஞ்சள் காமாலை அல்ல. கொசுவால் பரவும் வேறு நோய். இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆகவே இங்கிருந்து நேராகப் போகிறவருக்கு ஊசி கட்டாயமில்லை. ஆனால் டிக்கெட் விலை குறைவு என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் உண்டு. எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்த நோய் உள்ள நாடுகள். அங்குள்ள விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால், தென்னாப்பிரிக்காவில் இறங்கும்போது ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

திரும்பி வரும்போது நம் நாடு இன்னும் கண்டிப்பாக இருக்கும். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு நம் ஊரில் ஏராளம். நோய் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால்தான் நோய் உள்ள நாடுகளில் தங்கிவிட்டுச் சான்றிதழ் இல்லாமல் வருபவரை 6 நாள் வரை தனிமையில் வைக்க முடியும்.

இந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். நமக்குப் பக்கம் தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகம். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். கையில் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். விதைத்த அன்றே கரிசலில் பயிர் முளைப்பதில்லை, ஊசியும் அப்படித்தான். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுதும் செல்லும். 60 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று: பேரப்பிள்ளை வீட்டில் நடட்டும் என்று முருங்கை விதையையோ கறிவேப்பிலைக் கன்றையோ பெட்டியில் வைக்காதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாத விதையும் செடியும் அங்கே பறிமுதலாகும்.

டிக்கெட் எடுக்கும் முன் டிராவல்ஸ்காரரிடம், "விமானம் எந்த ஊர் வழியாகப் போகிறது, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.