என்ன வேலை பார்க்கிறீர்கள்?

இன்று மருத்துவர்களாகும் இளைஞர்களே!

1700-ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னார்: என்ன வேலை பார்க்கிறீர்கள்?

அந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை லண்டன் அரசு அலுவலகங்கள் காட்டின. 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தது. அத்தனை பேருக்கும் அரசு வேலை, இலவச மருத்துவம். ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது. இடைநிலையில் இருந்தவர்களும் தப்பவில்லை. பதவி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. புகைப்பழக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தாலும் பெரும் வேறுபாடு மிஞ்சியது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது கண்டது.

நம் ஊர் ஜவுளிக்கடைக்கு வருவோம். காலை முதல் இரவு வரை நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு உங்களிடம் வருவார். "ரொம்ப நேரம் நிற்காதீங்கம்மா" என்பீர்கள். தலையாட்டிவிட்டுப் போவார், மறுநாளும் நிற்பார். உட்காருவது அவர் கையில் இல்லையே! கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் கேரளம் அதற்காகத் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத சிகிச்சை அது. ஆனால் நாற்காலி போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தால் திட்டு விழாது என்ற தைரியமும் வேண்டும்.

இளம் மருத்துவர்களே, இந்த அரங்கிலேயே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர் இருப்பார்கள். வர்க்கம் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்; பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஒரே கடையிலிருந்து ஐந்து பெண்கள் அதே கால்வலியோடு வந்தால், அதைத் தனித்தனி நோயாக எண்ணாதீர்கள். மாத்திரை எழுதும் பேனாவால் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதமும் எழுதலாம். எழுதுங்கள்.