கீழாநெல்லியும் நானும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் தாவரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"மூலிகையைப் பத்திப் பேசுங்க சார், எல்லாருக்கும் பயனா இருக்கும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்துச் செடிகளின் பெயரைச் சொல்லி, இது இதைத் தீர்க்கும், அது அதைத் தீர்க்கும் என்று அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படி நானே பல ஊர்களில் பேசியிருக்கிறேன், மாலையும் வாங்கியிருக்கிறேன். இன்று ஒரே ஒரு செடி. அதுவும் நம் விடுதிக்குப் பின்னால் மழை பெய்ததும் முளைத்து நிற்கும் செடி. கீழாநெல்லி.

எனக்கும் அதற்கும் உள்ள உறவு 1974-ல் தொடங்கியது. நான் அப்போது பி.எஸ்ஸி. தாவரவியல் முதலாண்டு. அந்த ஆண்டு விடுதியில் மஞ்சள் காமாலை பரவியது. ஒருவன் கண் மஞ்சளானது, அடுத்த வாரம் நான்கு பேர், அப்புறம் மொத்தம் பதினான்கு பேர். எங்கள் வீட்டில் அம்மா இதற்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் செடியை வேரோடு பிடுங்கி, அலசி, மெஸ் அம்மிக்கல்லில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கிக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. மூன்று நான்கு வாரத்தில் பதினான்கு பேரும் எழுந்து நடந்தார்கள். "காமாலை டாக்டர்" என்று எனக்குப் பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டத்தை நான் இருபத்தேழு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். 2001-ல் எங்கள் வகுப்பின் வெள்ளிவிழாச் சந்திப்பு. அதே பதினான்கு பேரில் ஒருவன், பெயர் சொல்லமாட்டேன், இதோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், என் தோளில் கையைப் போட்டுச் சொன்னான்: "டேய், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்தக் கசப்பை நான் ஒருநாள்கூடக் குடிக்கலடா. அப்படியே ஜன்னல் வழியா ஊத்திட்டேன்." அவனும் மற்றவர்களைப் போலவே, அதே வாரத்தில்தான் குணமானான்!

காரணம் எளிது. அசுத்தமான தண்ணீரில் பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, அல்லது ஹெபடைடிஸ் ஈ. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்கள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் எதைக் கொடுத்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். எங்கள் விடுதியில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நான் செடியையும் அலசினேன் என்பதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்லோருக்கும் இது லேசான நோயும் அல்ல. 1955-56-ல் டில்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஈ வகை என்று பிற்காலத்தில் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, செடி வெறும் புல்லா? அப்படியும் சொல்ல முடியாது. இதன் கசப்புக்குக் காரணமான ஃபில்லாந்தின் என்ற பொருளைப் பற்றி 1946-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர் டி.ஆர். சேஷாத்ரி. நம் குளித்தலையில் பிறந்தவர். நச்சுப்பொருள் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்த எலிகளில் இந்தச் செடியின் சாறு பாதுகாப்புத் தருவதைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. சித்த மருத்துவத்தில் உடல் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் இதைக் கொடுப்பார்கள். கோடையில் நானும் மோரில் கலந்து குடிப்பதுண்டு. பிரேசில் நாட்டில் இதன் நெருங்கிய உறவுச் செடிக்குக் 'கல்லுடைப்பான்' என்று பொருள்படும் பெயர். அங்கே சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறார்கள்.

பெரிய செய்தி 1988-ல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி கிருமியை நாட்பட உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த ஆண்டு, 1989-ல், என் அப்பாவுக்குக் கண் மஞ்சளானது. வயது 61. "ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பா?" என்று தம்பி கேட்டான். "லான்செட்லயே வந்திருக்குடா, நீ சும்மா இரு" என்றேன். ஐந்து வாரம் அரைத்துக் கொடுத்தேன். மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு, இரவெல்லாம் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். மலம் களிமண் மாதிரி வெளுத்துப்போனது. பத்தியம் சரியாக இல்லை என்று அம்மாவைக் கடிந்துகொண்டேன். கடைசியில் கொண்டுபோனபோது டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: கணையத்தில் கட்டி, பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. "முன்னாடியே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம். பிழைச்சிருப்பார்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா மூன்று மாதம் இருந்தார்.

பிறகுதான் அந்தக் கட்டுரையைத் தேடி முழுதாகப் படித்தேன். அது காமாலைக்கான சோதனையே அல்ல! கிருமியைச் சுமப்பவர்கள் பற்றியது. நான் படித்திருந்தது செய்தித்தாளில் வந்த துணுக்கு மட்டும். அதற்குப் பின் தாய்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் செய்து பார்த்தபோது சென்னையில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, வெற்று மருந்தைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது; குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடுகிறார்கள்.

இன்னொரு சங்கதி, இது தாவரவியல் மாணவர்களுக்கு. நம் நாட்டு நூல்களில் நெடுங்காலம் இதை 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதிவந்தார்கள். அந்தப் பெயருக்குரிய உண்மையான செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இங்கே அந்தப் பெயரில் மூன்று இனங்கள் கலந்துகிடக்கின்றன என்று 1985-ல் மித்ராவும் ஜெயினும் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றுதான் 'அமாரஸ்'. நான் மாணவனாக இருந்தபோது ஒட்டிய உலர்தாவரத் தாளைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் எடுத்துப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் 'நிரூரி' என்று எழுதியிருக்கிறேன். தாளில் இருப்பவை இரண்டு வேறு வேறு செடிகள்! அப்படியென்றால் விடுதியில் அரைத்துக் கொடுத்தது எது எது என்று யார் சொல்வது?

பார்க்கத் தெரிந்தால் குழப்பமில்லை. கூட்டிலை போலத் தெரிவது உண்மையில் சிறு கிளை. அதன் அடிப்பக்கம் காய்கள் வரிசையாகத் தொங்கும். காம்போடு, வழவழப்பாக இருந்தால் கீழாநெல்லி. காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்பு வகை, 'யூரினேரியா'. விதையை லென்ஸில் பார்த்தால் முன்னதில் நீளவாக்கில் வரிகள், பின்னதில் குறுக்குவாக்கில்.

இப்போதும் என்னிடம் "சார், காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். முதலில் ரத்தம் பாருங்கள், ஸ்கேன் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன். கர்ப்பிணி, பச்சைக்குழந்தை, அரிப்பு, வெளுத்த மலம், பிதற்றல், தூக்கக் கலக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சாதாரணக் காமாலை என்று டாக்டர் சொன்ன பிறகும் செடி குடிக்க ஆசைப்பட்டால், அவரிடமும் ஒரு நல்ல சித்த மருத்துவரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சாக்கடை ஓரத்திலும், பூச்சிமருந்து அடித்த வயலிலும் பறிக்காதீர்கள். கொதித்து ஆறிய நீரில் கழுவுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சர்க்கரையை மேலும் இறக்கிவிடக்கூடும், கவனம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போன வாரம் மழை பெய்ததால் விடுதிப் பின்புறம் இரண்டு வகையும் முளைத்திருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கைலென்ஸ் மூன்று கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் விருப்பமுள்ள தம்பி தங்கைகள் என்னோடு வாருங்கள். ஜன்னல் வழியாக ஊற்றிய நண்பரும் வரலாம், எந்த ஜன்னல் என்று காட்டட்டும்.