புது வீட்டுக்கு இரண்டு கத்தி, ஒரு சாணைக்கல்

(திருமண உதவி பெற்ற குடும்பங்களுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேசப்போவது சமையலறைக் கத்தியைப் பற்றி. செயலாளருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும்.

சென்ற ஆண்டு மணப்பெண்களுக்குக் கொடுத்த வீட்டுச் சாமான்களோடு ஆறு கத்திகள் அடங்கிய ஒரு பெட்டியும் கொடுத்தோம். பளபளவென்று இருந்தது. நான்தான் பார்த்து வாங்கினேன். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, அந்தப் பிள்ளை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு வந்து நின்றது. தக்காளி நறுக்கும்போது வெட்டிவிட்டதாம்.

"கத்தி அவ்வளவு கூராம்மா?" என்று கேட்டேன்.

"கூரு எங்க இருக்கு சாச்சா! மழுங்கிப்போய்க் கெடக்கு. அழுத்தி வெட்டுனேன், வழுக்கிருச்சு" என்றது.

அந்தப் பிள்ளை பீடி சுற்றுகிற பிள்ளை. விரல் ஆறும் வரை இரண்டு வாரம் கூலி இல்லை. நாங்கள் செய்த உதவியே அந்த வீட்டின் வருமானத்தை நிறுத்திவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளே, கூரான கத்தியைப் பார்த்துப் பயப்படுகிறோம். உண்மையில் மழுங்கிய கத்திதான் அதிகம் ஏமாற்றும். கூரான கத்தி தக்காளித் தோலில் தானாக இறங்கும். மழுங்கியது இறங்காது. நாம் பலத்தைப் போட்டு அழுத்துவோம், அது வழுக்கி விரலுக்கு வரும். குர்பானி கொடுக்கும்போது பிராணிக்கு வேதனை குறைய கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் கைக்கும் அந்த அக்கறை வேண்டாமா?

எத்தனை கத்தி வாங்குவது? இரண்டு போதும். காய்கறி, வெங்காயம், எலும்பில்லாத கறி நறுக்க ஆறு அல்லது ஏழு அங்குல அலகுள்ள ஒன்று. பழம் தோலெடுக்க, பூண்டு உரிக்க மூன்று, நான்கு அங்குலத்தில் சிறியது ஒன்று. மீன் கழுவ அருவாமனை இருந்தால் அதுவே போதும். எலும்பைக் கறிக்கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். மெல்லிய கத்தியால் எலும்பைக் கொத்தினால் அலகு பல் பல்லாக உடைந்துவிடும்.

வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். அலகின் இரும்பு கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடி, ஆணி அடித்திருந்தால் நல்லது. பாதியில் நின்றுவிடும் கைப்பிடி நாளாக ஆக ஆடத் தொடங்கும். ரம்பம் போலப் பல் வைத்த கத்தியை வீட்டில் தீட்டுவது கஷ்டம், முதல் கத்தியாக அது வேண்டாம். இரும்புக் கத்தி சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் புளி, எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ முடிந்தவர்கள் அதை வாங்கலாம். மற்றவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வசதி.

மிச்சமாகும் பணத்தில் இரண்டு பக்கச் சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும். ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. கல்லில் தண்ணீர் தெளியுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் தூக்குங்கள். அதே சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனி வரை இழுங்கள். ஒரு பக்கம் பத்து முறை என்றால் மறுபக்கமும் பத்து முறை. அலகின் ஓரத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை சொரசொரப்பான பக்கத்தில் தீட்டி, பிறகு நைசான பக்கத்தில் லேசாக இழுத்தால் பிசிறு போய்விடும். கூரைச் சோதிக்க விரலைக் கொண்டுபோகாதீர்கள், ஒரு தக்காளியை வெட்டிப் பாருங்கள். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலும் ஓரளவு கூர் வரும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அடிக்கடி கொடுக்க வேண்டாம். சக்கரம் ஒவ்வொரு முறையும் இரும்பைக் கொஞ்சம் தின்றுவிடும். ரொம்ப மழுங்கினால் மட்டும் கொடுங்கள்.

கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்காதீர்கள். எந்தக் கூரும் அங்கே நிற்காது. மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கி முடித்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து வையுங்கள். சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டால், அடுத்துக் கைவிடுகிறவருக்கு அது தெரியாது. பழைய அட்டையை மடித்து ஒட்டி உறை செய்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள்.

ஒரு மூத்தம்மா என்னிடம், "கத்தியைச் சாமானோட கொடுக்காதீங்க, உறவு அறுந்துரும்" என்றார்கள். அது வெறும் சகுனப் பேச்சு, மார்க்கத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. விரல் அறுபடாமல் பார்த்துக்கொள்வோம், உறவை அல்லாஹ் காப்பான்.

இவ்வாண்டு முதல் ஆறு கத்திப் பெட்டியை நிறுத்திவிட்டோம். இரண்டு கத்தி, ஒரு பலகை, ஒரு சாணைக்கல் தருகிறோம். கூட்டம் முடிந்ததும் முற்றத்தில் கல்லும் தண்ணீரும் தயாராக இருக்கும். புது மாப்பிள்ளைகள் முதலில் வாருங்கள். வாரம் ஒருநாள் கத்தி தீட்டுவது உங்கள் வேலை என்று இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்.

விரலில் கட்டோடு நின்ற அந்தப் பிள்ளையும் வந்திருக்கிறது. உங்களுக்குத் தீட்டிக் காட்டப்போவது அதுதான். அல்லாஹ் உங்கள் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.